ஒரு மூச்சில் இரண்டு பேர்

மூச்சுக்கண்ணாடி மறுபடியும் அதையேதான் சொன்னது. அறைக்குள் இரண்டு பேர் மூச்சு விடுகிறார்கள், ஒருவர் வெளியே போகவும்.

"நான் ஒருத்திதானுங்க இருக்கேன்," என்று சுபிக்ஷா அம்மாள் கண்ணாடியைப் பார்த்துச் சொன்னார். அறுபதைத் தாண்டியவர். காந்திபுரத்துக்கும் வடவள்ளிக்கும் இடையே டவுன் பஸ் ஓட்டி ஓய்வு பெற்றவர். எந்திரத்தோடு வாக்குவாதம் பண்ணுவது அவருக்குப் புதிதில்லை. வேலையின் கடைசி வருஷங்களில் பஸ் தானாகவே ஓடிக்கொண்டது. சட்டத்துக்காக மட்டும் முன்சீட்டில் ஓர் ஆள் உட்கார வேண்டியிருந்தது. அத்தனை வருஷமும் அவர் அந்தப் பஸ்ஸைத் திட்டிக்கொண்டேதான் உட்கார்ந்திருந்தார்.

அவர் பிறந்த காலத்தில் கோயம்புத்தூரில் தெருவுக்கு நாலு சுபிக்ஷா, அஞ்சு தர்ஷினி. அந்தக் குழந்தைகளெல்லாம் இன்றைக்கு முழங்காலுக்குத் தைலம் தேய்க்கிற வயதுக்கு வந்துவிட, பெயர் வைக்கும் வழக்கம் ஒரு சுற்று சுற்றிப் பழைய இடத்திலேயே வந்து நின்றிருந்தது. அதனால்தான் அவர் மகனுக்கு மாரப்பன் என்று பெயர். பரிசோதனை பண்ண வந்த சின்ன வயது டாக்டருக்கு ரெங்கநாயகி என்று பெயர்.

ரெங்கநாயகி உள்ளே வந்து மேசைக்கு அடியில் குனிந்து பார்த்தார். திரைச்சீலையை விலக்கிப் பார்த்தார். வாசலில் எட்டிப் பார்த்துக்கொண்டிருந்த மாரப்பனை நடைபாதையின் கோடிக்கு அனுப்பிவிட்டுக் கதவைச் சாத்தினார். சுபிக்ஷா அம்மாள் மறுபடி குழாயில் வாயை வைத்து ஊதினார். கண்ணாடி மறுபடியும் இரண்டு பேர் என்றது.

மூச்சுக்கண்ணாடி இந்தப் பரிசோதனை நிலையத்துக்கு வந்து கொஞ்ச நாள்தான் ஆகியிருந்தது. ஊதுகிற மூச்சில் கண்ணுக்குத் தெரியாமல் ஒட்டிக்கொண்டு வருகிற துணுக்குகளைப் பிரித்து, நெஞ்சுக்குள் எந்தக் கிருமி இருக்கிறது, எப்போது வந்தது, எங்கே பதுங்கியிருக்கிறது என்றெல்லாம் அது சொல்லிவிடும். முன்பு பலூனில் அடுத்தவர் மூச்சை அடைத்துக்கொண்டு வந்து, அதை ஊதி ஏமாற்றிவிட்டுப் போனவர்கள் உண்டு. அதனால் இந்தக் கண்ணாடிக்கு ஆள் எண்ணவும் கற்றுக்கொடுத்திருந்தார்கள். நெஞ்சு சுத்தம் என்று இது சொன்னால்தான் துருவநகருக்குக் குடியேற முடியும்.

துருவநகர், வடகடல் பனிக்கட்டியின் மேல் ஒரே கூரையின் கீழ் கட்டப்பட்ட ஊர். வெளியே மூக்கை நீட்டினால் மூக்கு உறைந்துவிடும் என்பதால் ஊர் மொத்தத்துக்கும் ஒரே காற்று. அதையே சுத்தம் பண்ணிச் சுத்தம் பண்ணி எல்லாரும் மூச்சு விடுகிறார்கள். மாரப்பனுக்கு அந்தக் காற்று நிலையத்தில்தான் வேலை. போய் எட்டு வருஷம் ஆகிறது. அப்பா தினேஷ் இறந்தபோதுகூட அவனால் வர முடியவில்லை. இப்போதுதான் முதல் லீவு கிடைத்து, அம்மாவைக் கூட்டிப்போக வந்திருந்தான். பெற்றவர்களில் ஒருவரை வரவழைத்துக்கொள்ள அந்த ஊர் ஒரே தடவைதான் இடம் கொடுக்கும். தவறவிட்டால் அந்த இடம் வேறொருவர் வீட்டு அம்மாவுக்குப் போய்விடும். அங்கே அவன் மனைவி வேலம்மாளுக்கு இது ஆறாவது மாசம். பேரப்பிள்ளையைப் பிறந்த சூட்டோடு கையில் வாங்க வேண்டும், சுபிக்ஷா அம்மாளுக்கு வேறு எதுவும் வேண்டியிருக்கவில்லை. அதற்காக வீட்டை வாடகைக்கு விட்டுவிட்டு, பாத்திரங்களைத் தங்கச்சி வீட்டில் போட்டுவிட்டு, கோயம்புத்தூர் வெயிலில் கம்பளி ஸ்வெட்டர் தேடிக் கடை கடையாக ஏறி இறங்கியிருந்தார்.

டாக்டர் மாரப்பனையும் உள்ளே கூப்பிட்டு, இருவரையும் உட்கார வைத்தார். கண்ணாடி தந்த முடிவை ஒரு தடவை முழுசாகப் படித்தார்.

"அம்மா, காசநோய் எப்பவாவது வந்திருக்கான்னு கேட்டதுக்கு இல்லைன்னு சொல்லியிருக்கீங்க."

"எங்க வம்சத்துலயே கெடையாதுங்க."

"சின்ன வயசுல மாசக்கணக்கா ஏதாவது மருந்து சாப்பிட்டீங்களா?"

"சாப்பிட்டேனுங்க. அது டி.பி. இல்லீங்க, பிரைமரி காம்ப்ளக்ஸு."

ரெங்கநாயகி சிரிப்பை அடக்கப் பார்த்தார். முடியவில்லை. "மன்னிச்சுக்குங்கம்மா. பிரைமரி காம்ப்ளக்ஸ்னா டி.பி.தான். குழந்தைங்களுக்கு முதல் தடவையா வர்றதுக்கு டாக்டருங்க சொல்ற பேரு."

சுபிக்ஷா அம்மாளுக்கு முகம் செத்துவிட்டது. அஞ்சு வயதில், ஜவுளிக்கடை காம்ப்ளக்ஸ் மாதிரி இதுவும் ஏதோ ஒரு கட்டிடம் என்றுதான் அவர் நினைத்திருந்தார். அங்கே போய் வந்தவர்களுக்கெல்லாம் காலையில் சிவப்பு மருந்து கொடுப்பார்கள் போல என்று அவராகவே முடிவு கட்டிக்கொண்டார். அந்த மருந்து குடித்த மாசங்களில் ஒண்ணுக்குப் போனால் ஆரஞ்சு நிறத்தில் போகும். பள்ளிக்கூடத்தில் யாரிடமும் மூச்சுவிடக் கூடாது என்று அவர் அம்மா தொடையில் கிள்ளிச் சொல்லியிருந்தாள். அவளுக்கு அந்த வார்த்தையின் அர்த்தம் தெரிந்திருக்குமா, தெரிந்தே மறைத்தாளா என்று கேட்க இப்போது அவள் இல்லை. கட்டிக்கொடுத்தபோதும் அதைச் சொல்லவில்லை, சொல்ல அதில் ஒன்றும் இருப்பதாக அந்த வீட்டில் யாருக்கும் படவில்லை.

"நான் பொய் சொல்லோணும்னு சொல்லலீங்க டாக்டரம்மா," என்றார் பதறிப்போய். பொய்த் தகவல் கொடுத்தால் வருகிறவருக்கு ஆயுசுக்கும் கதவு சாத்தப்படும், கூப்பிட்டவர் வேலையும் போகும் என்பது அவருக்குத் தெரியும். "இவனுக்கு எதும் ஆயிராதுங்களே?"

"ஒண்ணும் ஆகாது. இந்த ஊர்ல யாருக்குமே டி.பி. வந்ததில்லைம்மா. எல்லாருக்கும் பிரைமரி காம்ப்ளக்ஸ்தான் வந்திருக்கு. அதை விளக்கி எழுதி எழுதி எனக்கே மனப்பாடம் ஆயிடுச்சு. உங்களுக்கும் எழுதித் தர்றேன், அதை அங்க ஏத்துக்குவாங்க." சொல்லிவிட்டு அவர் கொஞ்சம் தயங்கினார். "ஆனா கண்ணாடி ரெண்டு பேர்ங்குதே, அது வேற விஷயம். அதைச் சொல்றதைவிடக் காட்டிடறேன். இப்படி ஒண்ணை நான் இதுவரைக்கும் பார்த்ததில்லை."

விளக்கு அணைந்தது. எதிர்ச்சுவர் முழுக்க சுபிக்ஷா அம்மாளின் இடது நுரையீரலின் மேல்மூலை வந்து நின்றது. கடுகில் பாதிகூட இல்லாத ஓர் இடம், சுவர் கொள்ளாமல் விரிந்திருந்தது. நடுவில் இருட்டாக ஒரு குழி. குழிக்குள் குச்சி குச்சியாகச் சில கிருமிகள் அசையாமல் கிடந்தன.

"செத்துக் கெடக்குதுங்களா?"

"தூங்குது. அன்னிக்குக் குடிச்ச மருந்துல தப்பிச்சது. அம்பது வருஷத்துக்கு மேலா உங்களுக்குள்ள தூங்கிக்கிட்டு இருக்கு. எழுந்து வரவிடாம உங்க உடம்பு சுத்தி ஒரு மதில் கட்டி வெச்சிருக்கு. அந்த மதிலைப் பாருங்க."

குழியைச் சுற்றி வளையம் வளையமாகச் செல்கள் நெருக்கியடித்துக்கொண்டு நின்றன. பார்த்துக்கொண்டிருக்கும்போதே அதில் ஒன்று வதங்கிச் சுருங்கியது. அது உதிர்வதற்குள் பக்கத்து ரத்தக்குழாயிலிருந்து இன்னொன்று ஊர்ந்து வந்து, அந்த இடத்தில் தன்னைச் செருகிக்கொண்டு நின்றது. தள்ளி இன்னொன்று வதங்கியது. அங்கேயும் ஓர் ஆள் வந்து நின்றது. ஒரு கணம்கூட எங்கேயும் இடைவெளி விழவில்லை. சுபிக்ஷா அம்மாளுக்கு உடம்பெல்லாம் சிலிர்த்துவிட்டது.

"இது எப்ப நடந்ததுங்க?"

"இப்ப நடக்குது. நீங்க தூங்கும்போது, சமைக்கும்போது, பஸ் ஓட்டும்போது, எப்பவும் நடந்துக்கிட்டேதான் இருந்திருக்கு. நின்னா அன்னிக்கே கிருமி வெளியில வந்திடும்."

"டிப்போல நாங்களும் இப்படித்தானுங்க. அடுத்த ஷிப்டு ஆளு வந்து நின்னாத்தான் முந்துன ஆளு எறங்கோணும்." அவர் சுவரிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "இவங்களுக்கெல்லாம் யாருங்க ஷிப்டு போடறது?"

"யாரும் போடலைம்மா. நான் தினம் பார்க்கறேன். எனக்கே இன்னும் பழகலை."

தன் உடம்பைப் பற்றி சுபிக்ஷா அம்மாளுக்கு அதுவரை பெரிய அபிப்பிராயம் ஒன்றும் கிடையாது. முழங்கால் வலி, சர்க்கரை, பல்லில் ஒரு ஓட்டை, இப்படிக் குறை சொல்லித்தான் பழக்கம். அதற்குள்ளே தன்னைக் கேட்காமல், தனக்குத் தெரியாமல், ஒரு நாள்கூட லீவு எடுக்காமல் இத்தனை பேர் நின்றிருக்கிறார்கள் என்பதைப் பார்த்தபோது கோயிலில் நிற்பதுபோல அவருக்குக் கை தானாகக் குவிந்தது.

ரெங்கநாயகி எதையோ திருப்பினார். செல்கள் நிறம் பிரிந்தன. பெரும்பாலும் நீலம். ஆனால் எல்லாவற்றுக்கும் உள்ளே, கிருமியை ஒட்டினாற்போல இருந்த வளையம் மட்டும் மஞ்சளாக ஒளிர்ந்தது.

"நீலமா இருக்கறது நீங்க. மஞ்சள் நீங்க இல்லை. அது இன்னொருத்தர். ரெண்டாவதா மூச்சு விடறது அவங்கதான்."

"என் நெஞ்சுக்குள்ள இன்னொருத்தரா?"

"வயித்துல பிள்ளை இருக்கும்போது தாய்கிட்ட இருந்துதான் எல்லாம் பிள்ளைக்குப் போகுதுன்னு நாம நினைக்கறோம். அங்கிருந்து திரும்பியும் வருது. பிள்ளையோட செல்கள்ல கொஞ்சம் தாயோட ரத்தத்துல கலந்து வந்து, எங்கேயாவது தங்கிடும். புண் இருக்கற இடமாத் தேடிப்போய் நிக்கும். அங்கேயே பெருகி, முப்பது நாப்பது வருஷம்கூட இருக்கும்."

மாரப்பன் நாற்காலியிலிருந்து எழுந்துவிட்டான். சுவருக்குப் பக்கத்தில் போய் அந்த மஞ்சள் வளையத்தின் மேல் கையை வைத்தான்.

"அப்ப அது நானா?"

அவன் குரல் உடைந்துபோயிருந்தது. "அப்பா சாவுக்குக்கூட வரமுடியலையேன்னு எத்தன நாள் தூங்காம கெடந்திருக்கேன். உன்னையத் தனியா உட்டுட்டுப் போயிட்டேன்னு ஊரே பேசுச்சு. நான் எங்கயும் போகலையாம்மா? இங்கயேதான் நின்னுட்டிருந்தனா?"

அவனாகவே இருந்துவிடட்டும் என்று சுபிக்ஷா அம்மாள் ஒரு மனசாக வேண்டிக்கொண்டார். இன்னொரு மனசு வேறு எதையோ வேண்டிக்கொண்டு நடுங்கியது.

அறிக்கையில் இரண்டாவது ஆள் யார் என்று எழுதியாக வேண்டும், ஒப்பிட்டுப் பார்க்காமல் எழுத முடியாது என்றார் டாக்டர். மாரப்பன் சந்தோஷமாகப் போய்க் குழாயில் ஊதிவிட்டு வந்தான். கண்ணாடி அதிக நேரம் எடுத்துக்கொள்ளவில்லை. ரெங்கநாயகி அதைப் படித்துவிட்டு, முதலில் அம்மாவைப் பார்த்தார், பிறகு மகனை.

"பொருந்தலை. ஆனா உங்களுக்கும் அதுக்கும் அம்மா அப்பா ஒண்ணுதான். அது ஒரு பொண்ணு."

மாரப்பன் திரும்பினான். "அம்மா?"

"உனக்கு முந்தி ஒருத்தி இருந்தாடா கண்ணு," என்றார் சுபிக்ஷா அம்மாள். "எட்டு மாசம். வயித்துக்குள்ளயே நின்னு போச்சு. உங்கப்பாதான் துணியில சுத்தி வாங்கிட்டுப் போய்ப் பொதைச்சுட்டு வந்தாரு. எனக்கு மூஞ்சியக் காட்டல. பாத்தா மறக்க மாட்டேன்னு பெரியவங்க தடுத்துப்போட்டாங்க. பாக்காமயும் மறக்கல." கண்ணைத் துடைத்துக்கொள்ளக்கூட அவருக்குத் தோன்றவில்லை. "பையனா பொண்ணான்னுகூட ஒருத்தரும் சொல்லல. உங்கப்பாவக் கேட்டா அழுதுருவாருன்னு நானும் கேக்கல. பொண்ணுங்கறதே எனக்கு இப்பத்தான் தெரியுது."

பிறகு டாக்டரிடம் திரும்பிக் கேட்டார். "அந்த மாசத்துலயெல்லாம் பொழுது சாஞ்சா எனக்குக் காய்ச்சல் அடிக்குமுங்க. வேர்த்து ஊத்தும். பொறவு தானா நின்னு போச்சு. அது இதுதானுங்களா?"

"இதுவாத்தான் இருக்கணும். பிள்ளையை விரட்டிடக் கூடாதுன்னு கர்ப்பத்துல உடம்பு தன்னோட காவலைக் கொஞ்சம் தளர்த்திக்கும். அந்தச் சமயம் பார்த்துக் கிருமி முழிச்சிருக்கு. உங்க மதில் விரிஞ்ச இடத்துல அவ வந்து நின்னிருக்கா. அதனாலதான் அவ உள்வளையத்துல இருக்கா. அவ வரலைன்னா அப்புறம் நீங்க இருந்திருப்பீங்களா, இவர் பிறந்திருப்பாரா, எனக்குச் சொல்லத் தெரியலை."

"அந்தக் கிருமிதான் அவளக் கொண்டுபோச்சுங்களா?"

"தெரியாதும்மா. அதை இந்தக் கண்ணாடி சொல்லாது."

சுவரில் ஒரு மஞ்சள் செல் வதங்கியது. இன்னொரு மஞ்சள் செல் வந்து நின்றது. மூன்று பேரும் அதைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தார்கள்.

ஆனால் அதோடு விஷயம் முடியவில்லை. தூங்குகிற கிருமியோடு துருவநகருக்குள் யாரும் நுழைய முடியாது. அதற்கு ஓர் ஊசி இருந்தது, கரைப்பூசி என்று பெயர். கிருமியைத் தட்டி எழுப்பி, எழுந்ததும் கொன்றுவிடும். வலி கிடையாது, இரண்டு நாள் சளி வரும், அவ்வளவுதான். காவல் காக்க எதுவும் இல்லாமல் போனால் மதிலும் கலைந்துவிடும்.

"அவளுமா?" என்றார் சுபிக்ஷா அம்மாள்.

ரெங்கநாயகி பொய் சொல்லத் தெரியாத டாக்டர். "அவளும்தான். உங்க உடம்புல வேற எங்கேயாவது இருக்காளான்னு தேடிப் பார்த்துட்டேன். இல்லை. இருந்த அத்தனையும் அந்த ஒரு இடத்துக்கு வந்து சேர்ந்திருக்கு."

"அப்ப எனக்கு ஊசி வேண்டாமுங்க. நான் எங்கயும் போகல." எழுந்து வெளியே நடந்துவிட்டார்.

பரிசோதனை நிலையத்துக்கு எதிரே ஒரு கரும்புச்சாறு வண்டி நின்றது. அதன் பக்கத்துப் பெஞ்சில் போய் அவர் உட்கார்ந்தார். மாரப்பன் பின்னாலேயே வந்து இரண்டு சாறு வாங்கினான். இரண்டு பேரும் குடிக்கவில்லை.

"வேலம்மாகிட்ட நான் என்னன்னு சொல்றது?" என்றான்.

"ஒடம்புக்கு ஆகல, டாக்டர் உடலைன்னு சொல்லு."

"அங்க அவளுக்கும் யாரும் இல்ல, எனக்கும் யாரும் இல்ல. இந்த எடம் போனா போனதுதாம்மா. அடுத்த லீவு எனக்கு எப்பன்னே தெரியாது. நீ செத்தாக்கூட வரமுடியாம போயிரும்."

"போனாப் போகுது. நாலு பேரு தூக்கிப் போட மாட்டாங்களா?"

அவனுக்குக் கோபம் வந்துவிட்டது. "நான் உசுரோட இருக்கேம்மா. எதுத்தாப்புல உக்காந்து வான்னு கூப்பிடறேன். என்னைய உட்டுட்டுக் கண்ணுக்குத் தெரியாத ஒருத்திகூட இருக்கேங்கறே. அது நானுன்னு நெனச்சு அங்க கேனையனாட்டம் அழுதேன் பாரு."

அந்தக் கடைசி வார்த்தைதான் அவரைக் குத்தியது. முப்பது வயதுக்கு மேல்தான் மகன் ஓர் அக்காவோடு அம்மாவைப் பங்கு பிரிக்கிறான், இதுவரை அவனுக்குப் பங்கு கொடுத்தே பழக்கமில்லை. "அந்த ஊசி இல்லாம உள்ள உடச் சொல்லி நீ கேக்கக் கூடாதா?" என்றார் சுபிக்ஷா அம்மாள், நடக்காது என்று தெரிந்தே.

"கேக்க மாட்டேன். அந்தக் காத்தை நான்தான் ஓட்டறேன். நீ விட்ட மூச்சு கால்மணி நேரத்துல ஊரெல்லாம் சுத்திட்டு வந்துரும். அங்க ஒரு கொழந்தைக்கு வந்தா நான் தாங்க மாட்டேன். அது எம் பிள்ளையாவே இருந்தா?"

அவன் சொன்னதில் தப்பு ஒன்றும் இல்லை. அதுதான் கஷ்டமாக இருந்தது. சட்டம் அநியாயமாக இருந்திருந்தால் நாலு வார்த்தை திட்டியாவது மனசை ஆற்றிக்கொண்டிருப்பார். மார்பின் இடது பக்கம் கையை வைத்தார். இத்தனை வருஷம் மூஞ்சியே தெரியாதவள் இன்று காலையில்தான் பொண்ணு ஆனாள், சாயங்காலத்துக்குள் அவளை மறுபடி பறிகொடுக்கச் சொன்னால் எந்தத் தாய் கொடுப்பாள்? கொடுக்காவிட்டால் எதிரே உட்கார்ந்திருப்பவன் போய்விடுவான். இரண்டு பக்கமும் பெத்த பிள்ளைதான்.

அப்போது ரெங்கநாயகி ரோட்டைத் தாண்டி ஓடி வந்தார். வெள்ளைக் கோட்டைக்கூடக் கழற்றவில்லை. டாக்டர் ஒருவர் இப்படி ரோட்டில் ஓடி அந்தத் தெரு பார்த்திருக்காது.

"தம்பி, உள்ள வாங்க. நீங்களும் வாங்கம்மா. ஒண்ணு காட்டணும்."

சுவரில் இந்தத் தடவை மாரப்பனின் நெஞ்சு இருந்தது. சுத்தமான நுரையீரல். கிருமியும் இல்லை, மதிலும் இல்லை. எங்கும் நீலம்.

"ஒப்பிட்டுப் பார்க்கறதுக்குத்தான் உங்க மூச்சை எடுத்தேன். நீங்க போனதுக்கப்புறம் அதை மூடப் போனா, கண்ணாடி அதுபாட்டுக்கு ஆள் எண்ணி, இதுலயும் ரெண்டுன்னு வெச்சிருக்கு. இதைப் பாருங்க." விரலை வைத்து இடத்தைக் காட்டினார். நீலத்துக்கு நடுவே, ஒன்றுக்கொன்று தள்ளித் தள்ளி, மஞ்சளாகச் சில புள்ளிகள் இருந்தன. "ஒப்பிட்டுட்டேன். அவளேதான்."

மாரப்பனுக்குப் புரியவில்லை. "எனக்குள்ள எப்படி?"

"உங்கம்மா ரத்தத்துல அவ சுத்திக்கிட்டு இருந்த சமயத்துல நீங்க வயித்துல வந்திருக்கீங்க. உங்களுக்குப் போன ரத்தத்தோட அவளும் கொஞ்சம் வந்துட்டா. நீங்க பிறக்கும்போதே அவளோடதான் பிறந்திருக்கீங்க. எட்டு வருஷம் முன்னால நீங்க கிளம்பினப்ப இருந்தது பழைய எந்திரம், அது கிருமியை மட்டும்தான் தேடும். ஆளை எண்ணாது."

சுபிக்ஷா அம்மாள் சுவரைப் பிடித்துக்கொண்டார். "அப்ப அவ அங்கயா இருக்கா?"

"எட்டு வருஷமா. பெர்மிட்டு, பரிசோதனை ஒண்ணும் இல்லாம அந்த ஊர்க் காத்தை மூச்சு விட்டுக்கிட்டு இருக்கா." டாக்டர் குரலைத் தாழ்த்திக்கொண்டார். "இதை நான் எங்கேயும் எழுதப் போறதில்லை. தம்பியோட பரிசோதனை என் பொறுப்பு இல்லை. நான் எதையும் பார்க்கலை."

மாரப்பன் தன் நெஞ்சைக் குனிந்து பார்த்துக்கொண்டான், சட்டைக்கு மேலேயே தெரிந்துவிடும் என்பதுபோல. "போன மொத வருஷம் அங்க சூரியனே வரல," என்றான் மெதுவாக. "மாசக்கணக்கா இருட்டு. யாரும் கூட இல்லைன்னு ரூமுக்குள்ளயே கெடந்தேன்."

அம்மாவுக்கு வேறொரு சந்தேகம் இருந்தது. "இவனுக்குத்தான் நோயே இல்லையேங்க டாக்டரம்மா. இவனுக்குள்ள அவ என்ன பண்றா?"

"ஒண்ணும் பண்ணலை. எந்த வேலையும் இல்லாம சும்மா இருக்கா. சின்னப் பிள்ளைங்க இருக்குமே, அந்த மாதிரி."

சுபிக்ஷா அம்மாள் அந்த மஞ்சள் புள்ளிகளை நெடுநேரம் பார்த்தார். அவை யாரையும் மறித்துக்கொண்டு நிற்கவில்லை. நெருக்கியடிக்கவில்லை. அண்ணாந்து படுத்துக்கொண்டு வேடிக்கை பார்க்கிற குழந்தைபோல இங்கொன்றும் அங்கொன்றுமாக இருந்தன. தன் நெஞ்சில் அவள் ஒரு நாளும் இப்படி இருந்ததில்லை என்று அவருக்குத் தோன்றியது. பிறக்கும் முன்னாலேயே வேலைக்கு வந்தவள், முப்பது வருஷத்துக்கு மேல் கிருமிக்கு முன்னால் நின்றிருக்கிறாள். பெத்தவள் அவளுக்கு என்ன செய்தாள் என்று யாராவது கேட்டால் சொல்வதற்கு ஒன்றுமே இல்லை.

"எங்கிட்ட அவ நின்னது போதுமுங்க," என்றார். "ஊசியப் போட்டுருங்க. அந்தப் புள்ள எறங்கட்டும்."

மாரப்பன் அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டான். ரெங்கநாயகி அறைக்கதவைத் திறந்து நர்ஸைக் கூப்பிட்டார். நர்ஸ் ஒரு கையில் ஊசித் தட்டும் இன்னொரு கையில் பலகையுமாக வந்தார். ஊசி போடுவதற்கு முன்னால் பயண விவரம் கேட்டு எழுதிக்கொள்ளும் வழக்கம் அங்கே இருந்தது.

"துருவநகருக்கு உங்ககூட யாரெல்லாம் வர்றாங்கம்மா? உறவு என்ன, பேர் என்னன்னு சொல்லுங்க."

"என்ற பையனுங்க. மாரப்பன்."

"வேற யாராவது?"

சுபிக்ஷா அம்மாள் சட்டென்று சொல்லிவிட்டார். "பொண்ணும் இருக்காளுங்க."

"பொண்ணு பேரு?"

பெயர் வைக்கவில்லையே என்பது அப்போதுதான் அவருக்கு உறைத்தது. இத்தனை வருஷம் மனசுக்குள் எத்தனையோ தடவை கூப்பிட்டிருக்கிறார், பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. ஆணா பெண்ணா என்றே தெரியாமல் என்ன பெயரை வைப்பது? அவர் மகனைப் பார்த்தார்.

"அக்கான்னு எழுதிக்கங்க," என்றான் மாரப்பன்.

நர்ஸ் டாக்டரைப் பார்த்தார். டாக்டர் குனிந்து ஊசியில் மருந்தை ஏற்றிக்கொண்டிருந்தார், தலையை நிமிர்த்தவில்லை. நர்ஸ் அப்படியே எழுதிக்கொண்டார்.